யவனப் பெயரும் நம் வீட்டுப் பெண்ணும்

பெற்றோர் தம் பிள்ளைக்குக் கொடுக்கும் முதற் சொத்து பெயரேயாகும். காணி பூமி இல்லாது வாழ்ந்த நம் தோட்ட மக்களுக்கோ, பல தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல அதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. ஆகையால் நம் லயங்களில் குழந்தைக்குப் பெயரிடுதல் என்றால் அது ஒரு வீட்டுக் காரியமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பெரியவர்கள் கூடுவர், நாள் பார்ப்பர், குலதெய்வத்தின் பெயரா, இறந்துபோன பாட்டியின் பெயரா என்று ஆராய்வர். மாரியாயி, காமாட்சி, அங்கம்மாள், வெள்ளையம்மாள், செல்லம்மாள் என்று நம் தாய்மார் தாங்கிய பெயர்கள் யாவும் அவ்வாறு வந்தவையே.

சென்ற ஆண்டு எட்டியாந்தோட்டைக்கு அப்பாலுள்ள ஒரு றப்பர்த் தோட்டத்தில், நமது உறவினர் ஒருவர் வீட்டில் முப்பதாம் நாள் பெயர் சூட்டு வைபவத்துக்குச் சென்றிருந்தோம். குழந்தையின் தகப்பன் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் இளைஞன். பெண் குழந்தைக்கு ‘ரியா’ என்று பெயரிடப் போவதாகச் சொன்னான். கைத்தொலைபேசியில் பார்த்த பெயர்ப் பட்டியலொன்றில், அது பழைய கிரேக்கக் கதையில் வரும் ஒரு தெய்வத் தாயின் பெயர் என்று கண்டானாம். சொல்லச் சிறிதாய், கேட்க இனிதாய் இருக்கிறது என்பது அவன் நியாயம். குழந்தையின் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வருடங்களுக்கு முன் காலமான அப்பாயியின் பெயரான காமாட்சி என்பதையே வைக்கவேண்டும் என்றார். பேச்சு வளர்ந்தது. முடிவிலே தாத்தா நம்மை நோக்கி, “தம்பி, நீ மிசன் பள்ளிக்கூடத்துல படிச்சவன். இது வேதக்காரங்க பேரா, நம்ம பேரா? நீயே சொல்லு” என்றார்.

அன்று நாம் சொன்னவற்றையும், சொல்லத் தவறியவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வினா இன்று ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் டயானா, ஹெலன் போன்ற பெயர்களைச் சைவக் குடும்பங்களிலும் கேட்கிறோம். டயானா உரோமர் வணங்கிய வேட்டைத் தெய்வம். கிரேக்கர் ஆர்தெமிஸ் என்று வணங்கிய தெய்வத்தோடு உரோமர் அவளை ஒன்றாக வைத்தனர். ஹெலன், திராய் நகரப் போருக்குக் காரணமானவள் என்று கதை கூறும் அழகி. இட்டவர்களில் பலர் இக்கதைகளை அறிந்து இட்டவர் அல்லர்.

முதலில் ரேயாவின் கதையைக் கூறுவோம். நம் நாட்டில் ரியா என்று வழங்குவதைக் கிரேக்கர் ரேயா என்பர். கி.மு. 700 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஹெசியட் என்னும் புலவர் தேவர்களின் பிறப்பைப் பாடிய நூலில் இவள் வரலாறு காணப்படுகிறது. வானத்துக்கும் பூமிக்கும் பிறந்தவள் ரேயா. அவள் கணவன் குரோனஸ். தன் பிள்ளைகளில் ஒருவனால் தன் அரசு பறிபோகும் என்று அறிந்த குரோனஸ், பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக விழுங்கினான். ஐந்து பிள்ளைகளை இழந்த தாய், ஆறாவது குழந்தை பிறந்ததும் ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கணவனிடம் கொடுத்தாள். அவன் அதையே குழந்தையென்று விழுங்கினான். மெய்யான குழந்தை கிரேத்தா தீவின் குகையொன்றில் மறைவாக வளர்ந்தது. அக்குழந்தையே பின்னர் தேவர்களுக்கு அரசனான சேயுஸ்.

இதைக் கேட்டவுடன் நமக்கு நினைவுக்கு வருவது யாது? சிறைச்சாலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தேவகியும், நள்ளிரவில் யமுனையைக் கடந்து கோகுலம் சேர்ந்த கண்ணனுமல்லவா? தன்னை அழிக்க ஒரு குழந்தை பிறக்கும் என்று அஞ்சிய கம்சனை அங்கே குரோனஸாகக் காண்கிறோம். இவ்விரு கதைகளும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்று நாம் வாதிக்க வரவில்லை. ஆயினும் பிள்ளையைக் காக்கும் தாயின் கதை நமக்கு அந்நியமானதன்று. அன்று கூடத்திலிருந்த பெண்கள், “நம்ம கிருஷ்ணன் கதை மாதிரியே இருக்கே!” என்று வியந்தனர்.

நிற்க. கிரேக்கரை நம் முன்னோர் யவனர் என்றனர். யவனர் கப்பல்கள் பொன்னொடு வந்து மிளகொடு சென்றதைச் சங்கப் புலவர் பாடியிருக்கின்றனர். ஆனால் அந்த யவனர், தமிழகத்தையே தம் கதையில் ஒரு மகளாக்கிய செய்தியைப் பலர் அறியார்.

கி.மு. 300 ஐ ஒட்டிய காலத்தில் சந்திரகுப்த மௌரியனின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ். அவர் எழுதிய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பின்வந்த ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான அரியன் என்பவர் அவற்றிலிருந்து எடுத்துக் கூறும் செய்தி இது: ஹெராக்கிளிஸ் என்னும் வீரனுக்குப் புதல்வர் பலர்; புதல்வி ஒருத்தியே. அவள் பெயர் பண்டையா. அவள் பிறந்து ஆண்ட நாட்டுக்கும் அவள் பெயரே வழங்கிற்று. தந்தை அவளுக்கு 500 யானைகளும், 4000 குதிரைவீரரும், 1,30,000 காலாட்படையும் கொடுத்தான். கடலிலே முத்தைக் கண்டு, மகளை அலங்கரிக்கவென்று அதைத் திரட்டச் செய்தான்.

முத்தும் யானையும் பெண்ணரசியும் சேர்ந்த அந்த நாடு பாண்டிய நாடு என்பது அறிஞர் பலரின் கருத்து. ஹெராக்கிளிஸ் என்று மெகஸ்தனிஸ் குறித்தது, மதுரா நகரத்தார் வழிபட்ட கண்ணனையே என்றும் கூறுவர். மலயத்துவச பாண்டியனின் மகளாய்ப் பிறந்து, படை நடத்தி, மதுரையை ஆண்ட தடாதகைப் பிராட்டியாம் மீனாட்சியின் வரலாற்றை அறிந்த நமக்கு, பண்டையா என்னும் பெயரைக் கேட்டதும் உள்ளம் துள்ளாதிருக்குமா? தூர தேசத்தார் ஒருவர் செவிவழியாகக் கேட்ட நம் நாட்டின் பெயரைத் தம் வீரனின் மகளுக்குச் சூட்டி எழுதிவைத்தார். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், யவனக் கதைக்கு முற்றிலும் புறம்பானவர்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

இனி, யவனத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியவர் நம் சமயத்தவராதல் கூடுமா என்பது வினா. இதற்கு விடை மத்தியப் பிரதேசத்தில் விதிசைக்கு அருகே பெஸ்நகரில் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லாய் நிற்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியளவில், தட்சசீலத்திலிருந்து அந்தியால்கிதஸ் என்னும் யவன அரசனின் தூதராக, பாகபத்திரன் என்ற மன்னனிடம் வந்தவர் ஹெலியோதோரஸ். அவர் தேவதேவனாகிய வாசுதேவனுக்கு ஒரு கருடத் தம்பம் நாட்டினார். அதிலே பிராமி எழுத்தில், தம்மைத் தியனின் மகன் என்றும், பாகவதன் என்றும் பொறிக்கச் செய்தார்.

ஹெலியோதோரஸ் என்றால் சூரியதேவன் தந்த கொடை என்பது பொருள். ஹீலியோஸ் கிரேக்கரின் சூரியன். தந்தை இட்ட அப்பெயரோடேயே அவர் கண்ணனுக்கு அடியாரானார். பெயரை மாற்றிக்கொள்ளும்படி எவரும் கேட்டதாக அக்கல் கூறவில்லை. அத்தம்பத்தை ஊர்மக்கள் காம் பாபா என்று அழைத்துச் சிந்தூரம் பூசி வழிபட்டு வந்தனர். பூச்சுக்கு மேல் பூச்சாகப் படிந்த சிந்தூரம் எழுத்துகளை மறைத்துவிட்டது. 1877 இல் கன்னிங்காம் துரை அத்தூணைக் கண்டபோதும் எழுத்து புலப்படவில்லை. 1909 ஆம் ஆண்டளவில் சிந்தூரம் நீக்கப்பட்ட பின்னரே, யவனர் ஒருவரின் பெயர் அங்கிருப்பது உலகுக்குத் தெரிந்தது.

மிஷன் பாடசாலையில் வேதாகம பாடத்தில் நாம் கற்ற ஒரு செய்தியும் இங்கே உதவுகிறது. பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரம், பெபேயாள் என்னும் சபை ஊழியக்காரியைப் பற்றிய நற்சொல்லோடு தொடங்குகிறது. கிரேக்க மொழியில் பெபேயாள் என்பது பழைய பெண் தெய்வமொன்றின் பெயர். ஒளி பொருந்தியவள் என்பது அதன் கருத்து. அதே அதிகாரத்தில் வாழ்த்துப் பெறும் எர்மே, தேவதூதனாகிய ஹெர்மிஸின் பெயரைக் கொண்டவர். நேரே என்பவரின் பெயர் கடல் தெய்வத்தின் பெயர். அப்பொல்லோ என்ற பிரசங்கியாரின் பெயரில் அப்பல்லோ தெய்வமே நிற்கிறது. ஆதித் திருச்சபையார் இப்பெயர்களை மாற்றாமலேயே வழங்கினர். ஆகவே, தாத்தாவின் கேள்விக்கு நாம் சொன்ன விடை இதுதான்: ரியா என்பது வேதக்காரர் பெயருமன்று, வேதக்காரருக்கு விலக்கான பெயருமன்று, சைவப் பிள்ளைக்கு அது தோஷமுமன்று. பெயர் எந்த நாட்டில் பிறந்ததென்பதைக் கொண்டு ஒருவர் சமயத்தை அளத்தல் இயலாது.

இவ்வளவும் கூறிமுடித்து, சபையை வென்றுவிட்டோம் என்ற பெருமிதத்தோடு நாம் அமர்ந்தோம். தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. பின்பு உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார். அதிலிருந்து நான்கு பழைய காகிதங்களை எடுத்துப் பாயிலே வரிசையாக வைத்தார். யாவும் காலஞ்சென்ற அப்பாயியுடையவை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர். தோட்டத்துச் செக்ரோலிலிருந்து எழுதிக்கொடுத்த கடிதத்தில் வேறொரு பெயர். அடையாள அட்டையில் மற்றொன்று. நான்காவது காகிதம் ஓர் அலுவலகம் அனுப்பிய கடிதம். காமாட்சி என்பது ஓரிடத்தில் காமாயியாகவும், ஓரிடத்தில் கமாச்சியாகவும் ஆகியிருந்தது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்தும், றப்பர் மரத்தில் பால் வெட்டியும் உழைத்த அந்த அம்மையாருக்குச் சேரவேண்டிய பணம், பெயர் வேறுபாட்டினால் பல காலம் கிடைக்காமல் நின்றது. சத்தியக் கடதாசி எழுதி, பஸ்ஸேறி, வரிசையில் நின்று, அது கைக்கு வருமுன்னரே அவர் கண்மூடிவிட்டார்.

“சாமி கோவிச்சுக்கும்னு நான் சொல்லல தம்பி. எல்லாருக்கும் தெரிஞ்ச காமாட்சிங்கிற பேரையே எழுதத் தெரியல. இந்தப் பேரை எப்படி எழுதுவாங்க? புள்ள அலையக் கூடாது” என்றார் பெரியவர்.

நாம் தலைகுனிந்தோம். அவர் கேட்டது வேறு. நாம் விடையளித்தது வேறு. பெரியவர் சமயத்துக்கு அஞ்சினார் என்று நாமே எண்ணிக்கொண்டோம். அவர் அஞ்சியதோ பதிவுப் புத்தகத்துக்கு. அந்த அச்சத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யவனர் சரித்திரத்தைப் படித்த நாம், நம் லயத்துச் சரித்திரத்தைப் படிக்காமல் விட்டோம்.

பிறர் இட்ட பெயரைச் சுமக்கும் வழக்கம் இலங்கைத் தமிழரிடையே புதியதன்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கினர். அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவுக்கு அமெரிக்காவிலிருந்து உபகாரிகள் பணம் அனுப்பினர். அவ்வாறு அனுப்பியவர்கள் விரும்பிய பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். பாவலர் சரித்திர தீபகம் தந்த சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். இவர்கள் யாவரும் பெருமக்கள். தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள். மிஷனார் கொடுத்த கல்வியால் உயர்ந்தவர்கள். அக்கல்வியின் பயனை அனுபவிக்கும் நாம் அந்நன்றியை மறப்பதற்கில்லை. ஆயினும் அப்பெயர்களைத் தெரிந்தெடுத்தவர்கள் அப்பிள்ளைகளின் தாய் தந்தையர் அல்லர் என்பதையும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

நம் தோட்ட மக்களின் நிலையோ இதனினும் கீழானது. அவர்களுக்குப் பெயருக்கு முன்னே இலக்கம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து ஆட்களை அனுப்பும்போது தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்று ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. வில்லையைக் காட்டினால் வழி திறந்தது. பெயரைக் கேட்பார் இல்லை. தோட்டம் மாறுவதென்றால் ‘துண்டு’ வேண்டும். அத்துண்டிலே ஆளின் பெயரும் கடனும் சேர்ந்தே நின்றன. 1921 இல் சட்டத்தால் துண்டு ஒழிக்கப்பட்டது. தோட்டத்துக்கு வந்தபின், செக்ரோலில் பெயர் பதிந்தாலன்றிச் சம்பளமில்லை. பெயரைக் கங்காணி சொல்ல, கிளாக்கர் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதினார். தோட்டத்துப் பிறப்புகளை அறிவிக்கும் பொறுப்பும் துரையினுடையதாக இருந்தது. எழுதப்பட்டது சரியா என்று வாசித்துப் பார்க்கத் தாய்க்கும் எழுத்துத் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது.

அந்தப் பிழைகளின் பாரம் 1948 க்குப் பின்னரே முழுமையாகத் தெரிந்தது. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றவர்களோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விடயம் 1974 ஒப்பந்தத்தில் சமமாகப் பிரிக்கப்பட்டது. 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தபின்பே மிஞ்சியிருந்தோர்க்கு வழி பிறந்தது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில், காகிதத்தில் உள்ள காமாயியும் எதிரே நிற்கும் காமாட்சியும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்கும் வேலை எத்தனை குடும்பங்களுக்கு வாய்த்தது என்பதை நம் பெரியோரைக் கேட்டால் சொல்லுவர்.

ஆகவே, மகளுக்கு யவனப் பெயர் இடலாமா என்ற வினாவுக்கு நாம் இப்போது தரும் விடை அன்று தந்ததிலும் சிறிது வேறானது. இடலாம். ஆனால் அதை இடுபவர் அக்குழந்தையின் வீட்டாராய் இருத்தல் வேண்டும். அதன் கதையை அறிந்திருத்தல் வேண்டும். அது பதிவிலே சரியாக ஏறுகின்றதா என்று கண்ணால் பார்த்தல் வேண்டும். ஹெலியோதோரஸ் தம் பெயரைத் தாமே கல்லில் பொறிப்பித்தார். பிராகிருத மொழியில் அது சிறிது வளைந்தாலும் அவர் பெயராகவே நின்றது. நம் அப்பாயியின் பெயரை யாரோ எழுதினார்கள். அது அவர் பெயராகவே நிற்கவில்லை.

ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராதே என்று இலக்கணம் கற்ற பெரியோர் கேட்கக்கூடும். உண்மையே. ஆயினும் இராமனும் இரத்தினமும் இகரத்தின் துணையோடு நம் மொழிக்குள் வந்து குடியேறிவிட்டார்கள். நாம் வாழும் இரத்தினபுரியே அதற்குச் சான்று. வேண்டுவோர் இரியா என்று எழுதட்டும். எப்படி எழுதினாலும் எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாகவே எழுதவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அன்று மாலை நடந்ததையும் கூறிவிடுகிறோம். ஒரு கொப்பித் தாளை எடுத்து, ‘ரியா காமாட்சி’ என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாக எழுதினோம். சிங்களத்திலே ‘ட்சி’ சரியாக விழுந்திருக்கிறதா என்று, அயல் கிராமத்துப் பாடசாலையில் சிங்கள மொழியில் படிக்கும் சிறுமி ஒருத்தி பார்த்துத் திருத்தினாள். பிறப்பை அறிவிக்க 42 நாள் தவணையுண்டு. பன்னிரண்டு நாட்கள் கையிலிருந்தன. மறுவாரம் தகப்பன் அத்தாளையே பதிவாளரிடம் கொடுத்தான். கையொப்பமிடுமுன் வாசித்துப் பார்த்தான். பெயர் சரியாக இருந்தது. தாத்தா குழந்தையின் காதிலே மூன்று முறை பெயரைச் சொன்னபோது ரியாவைச் சற்றே தடுமாறிச் சொன்னார். காமாட்சியைத் தடுமாறாமல் சொன்னார்.

வாலிப அன்பர்களே! சப்பிரகமுவத் தோட்டங்களில் தமிழில் எழுதப்படும் பத்திரங்கள் குறைவு. பெரும்பாலானவை சிங்களத்திலேயே எழுதப்படுகின்றன. மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் சங்கங்களில் இருக்கிறார்கள். வெள்ளிதோறும் கோயிலில் பூசை முடிந்தபின் ஒரு மணி நேரம் அமர்ந்து, புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை மும்மொழியிலும் எழுதிக்கொடுப்பதும், முதியோரின் பத்திரங்களை ஒப்புநோக்கிப் பிழை திருத்த வழிகாட்டுவதும் நம்மால் இயலாத காரியமா? பணம் வேண்டுவதில்லை, ஒரு பேனாவும் பொறுமையும் போதும். பெரியோர்களே! பெயருக்குரிய பாட்டியின் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பெற்றோர்களே! புதுப்பெயர் இட்டால் அதன் கதையையும் தெரிந்து சொல்லுங்கள். தாயொருத்தி தன் குழந்தையை எவ்வாறு காத்தாள் என்பதை ரேயாவின் பெயர் கொண்ட சிறுமி அறியட்டும். நாற்பது வருடம் மலையேறி உழைத்த காமாட்சி யார் என்பதையும் அவளே அறியட்டும்.